பரண்மேல் ஒரு கார்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

ஒரு நல்ல செய்தி. நம் சிவப்பு வண்டிக்கு வரும் அக்டோபர் பதினான்காம் தேதியோடு முப்பது வயது முடிகிறது. இதுவரை அது வெறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். முப்பது முடிந்த பிறகு, உங்கள் ஊர் வாகன அலுவலகம் ஒத்துக்கொண்டால், அது அதிகாரப்பூர்வமாகக் 'கிளாசிக்'. விதிகளை வரவழைத்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். நிறம், எஞ்சின், இருக்கை, விளக்கு, கூரை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அசலாக இருக்க வேண்டும். இருந்தால், கறுப்புப் பலகையில் வெள்ளி எழுத்தில் தனி எண் தருவார்கள். அதன்பிறகு வண்டியைத் தொழிலுக்கு ஓட்டக் கூடாது. விடுமுறை நாளிலும் கண்காட்சிக்கும் மட்டும் வெளியே எடுக்கலாம். உன் திரைச்சீலைக் கம்பிகளுக்கு நீ வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேலைக்காக நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது சாவியைக் கொடுத்து உன்னிடம் ஒன்று சொன்னேன். "ஓட்டிக்கோ அக்கா, ஆனா ஒரு திருகாணிகூடத் தொலையக் கூடாது." நினைவிருக்கும். அசல் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா? உள்ளதைச் சொல். விளையாட்டுப் பேச்சு வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 20

சின்ன மந்திரிக்கு அக்கா எழுதுவது,

இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, சளி இல்லை, புத்தி வந்ததாகவும் தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? 'நலமாக இருக்கிறேன்' என்று ஒரே வரியில் உன்னை முடித்துவிட்டு மீதிக் காகிதம் முழுக்கக் காரைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் அத்தான் படித்துவிட்டு, "உன் தம்பி கல்யாணம் பண்ணிக்காம விட்டது நல்லதாப் போச்சு. வந்தவ இந்தக் காரைப் பார்த்தே பொசுங்கியிருப்பா" என்றார். நாற்காலிமேல் ஏறி நின்று வீட்டுக்கே உத்தரவு போட்ட பிள்ளை நீ. இப்போது தபாலில் போடுகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அக்டோபர் பதிமூன்று சாயங்காலம் வரை அது ஓட்டை வண்டி. படுத்து எழுந்தால் கிளாசிக். நடுவில் என்ன நடக்கிறது? தூக்கத்தில் யாராவது வந்து கிரீடம் வைத்துவிட்டுப் போகிறார்களா? எனக்கும்தான் ஐம்பத்தைந்து ஆகிறது. நிறம் அசல், எஞ்சின் அசல். எனக்கும் வெள்ளி எழுத்தில் ஒரு பலகை கிடைக்குமா என்று கேட்டுப் பார். அத்தானுக்குக் கேட்காதே. அவருக்கு முன்பல் இரண்டும் கட்டின பல், விதிப்படி செல்லாது.

தொழிலுக்கு ஓட்டக் கூடாது என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். ஆசுபத்திரி, விடுதி, ஆபீசு என்று ஊர் முழுக்கத் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவள் நான். ஆளைவிட உயரமான கம்பிகளைக் கொண்டுபோக, கூரையைத் திறந்தால் வானம் வரைக்கும் இடம் இருக்கிற வண்டி இது ஒன்றுதான். பக்கத்து இருக்கையில் கம்பிக்கட்டை நிற்கவைத்து பெல்ட் போட்டுவிட்டால் பேசாமல் வரும், அத்தானைப் போல வழி சொல்லாது. இந்த வண்டி என் கைக்கு வருமுன் கூலி வண்டிக்காரன் என்றைக்கு வருகிறானோ அன்றைக்குத்தான் எனக்கு வேலை. மறுபடி வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. இதையும் உன் விதிப் புத்தகத்தில் ஓரமாகக் குறித்து வை.

மற்றபடி நீ கேட்டதற்குப் பதில்: ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை. அசல் எல்லாம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது.

ஆமாம், போன கடிதம் வரைக்கும் அங்கே நீ வைத்திருக்கிற வண்டியில் எங்கே போனாய், எந்த வளைவில் எப்படித் திரும்பினாய் என்று அளந்துகொண்டிருந்தாயே. இந்தத் தடவை ஒன்றையும் காணோமே?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. அசல் எல்லாம் பத்திரம் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெரிய நிம்மதி.

வாகன அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். மே மாதம் பரிசோதகர் முதல் பார்வைக்கு வருவார். அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கம்பிகளைப் பற்றி யோசிக்காதே. எல்லா ஊரிலும் வாடகை வண்டி இருக்கிறது.

நான் இப்போது பேருந்தில்தான் போய்வருகிறேன். நகரத்துக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. பேருந்து வசதியாகத்தான் இருக்கிறது.

சிவப்பு வண்டி காலையில் கிளம்பும்போது முதலில் ஒரு தும்மல் போடுமே, அது இப்போதும் உண்டா?

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 28

பேருந்தில் போகும் மந்திரிக்கு,

அத்தானுக்கு முட்டி வலி. எனக்கு அவர் வலி. மற்றபடி சௌக்கியம்.

தும்மல் உண்டு. தும்மினதும் "நூறாயுசு" என்று ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். உடம்பெல்லாம் திடம், கண் மட்டும்தான் கொஞ்சம் சொன்னபடி கேட்பதில்லை. பகலில் மூடிக்கொண்டு இருட்டினால் திறக்கிற முன்விளக்கு இமைகளை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து திறந்து காட்டுவாயே, அதில் வலது இமை பொறுப்பான பிள்ளை. இடது இமை யோசித்து யோசித்துத்தான் திறக்கிறது. நேற்று சிக்னலில் எதிரே நின்ற வங்கி மேனேஜரைப் பார்த்து வண்டி அழகாகக் கண்ணடித்துவிட்டது. அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். நான் இல்லை, வண்டி என்று அங்கிருந்து எப்படிச் சொல்வது?

அத்தானுக்குப் பயம். "ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவே?"

"பாதி ரோடு தெரியுதில்ல, மீதியக் குத்துமதிப்பா ஓட்டிக்கிறேன். உங்களக் கட்டிக்கிட்டதே அப்படித்தானே" என்றேன். முட்டிக்குத் தைலம் தேடப் போய்விட்டார்.

பேருந்து வசதியாக இருக்கிறது என்று எழுதியது என் தம்பிதானா? கையெழுத்து உன்னுடையதுதான். வரிகள் மட்டும் கோணிக்கொண்டு கீழே இறங்குகின்றன. ஓடுகிற பேருந்தில் உட்கார்ந்து எழுதினாயா?

உடனே பதில் போடு. என் கடிதத்துக்குச் சிரித்தாயா இல்லையா என்றாவது ஒரு வரி எழுது.

அக்கா


மே 16

தம்பிக்கு,

ஏப்ரல் முழுக்கத் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனார். நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

நேற்று பரிசோதகர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் டார்ச், காதில் பென்சில். நீ சொன்னபடி வாயைத் தைத்துக்கொண்டு நின்றேன். எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டினார். சிவப்புப் பெயின்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஸ்டியரிங்கைப் பார்த்தார், தலை அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா, இது சின்ன லாரியோடதுல்ல?"

"ஆமாங்க. நல்ல பிடி."

"சீட்டு?"

"வேன் சீட்டுங்க. பழசுல உக்காந்தா எழுந்திரிக்க ஆள் தேடணும்."

"இந்தக் கூரை?"

"அது நானே தைச்சதுங்க. ஆசுபத்திரித் துணியில மிஞ்சினது." திரைச்சீலை வளையம் கோத்திருக்கிறேன், கயிற்றை இழுத்தால் சர்ரென்று மூடிக்கொள்ளும். இழுத்துக் காட்டினேன். அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, எதுவும் எழுதாமல் மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க தம்பி எல்லாமே அசல்னு எழுதியிருக்காரேம்மா."

"அசல் இல்லைன்னு யார் சொன்னா? எல்லாம் இருக்கு. மேல வாங்க."

தையல் அறைப் பரணுக்கு ஏணி வைத்துக் கொடுத்தேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நீ சொன்னதை நான் ஒரு நாளும் மறக்கவில்லையடா. ஒவ்வொரு பாகமும் தேய்ந்து உடைகிற நிலைக்கு வருமுன் கழற்றி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, 'இடது கதவுக் கைப்பிடி', 'பெரிய கண்ணாடி' என்று மேலே நூலால் தைத்து ஏற்றிவிடுவேன். கழற்றின இடத்தில் குறடு எங்கிருந்தாவது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவான். குறடு எங்கள் தெருமுனை மெக்கானிக். கையில் குறடு இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் கிடையாது. நீ கடைசியாக வந்துபோனபோது பரணில் சைலன்சர் மட்டும்தான் இருந்தது. இப்போது பரண் நிறைந்து, அத்தானுடைய ஸ்வெட்டர்களுக்கு இடமில்லை.

பரிசோதகர் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்தார். மேலே தைத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பிறகு மேலிருந்து கேட்டார்: "கீழ நிக்கிறது என்னம்மா, இது என்ன?"

"கீழ நிக்கிறது வேலைக்குப் போற வண்டிங்க. மேல படுத்திருக்கிறதுதான் உங்க வண்டி."

ஏணி ஆட ஆடச் சிரித்தார். நான் கீழே பிடித்துக்கொண்டேன்.

போகும்போது தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் திருப்பி மாட்டினால் அக்டோபரில் கிளாசிக். மாட்டாவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை, வருஷா வருஷம் சோதனை செய்துகொண்டு வேலைக்கு ஓட்டிக்கொள்ளலாம். எது வேண்டும் என்று உரிமையாளர் எழுதித் தர வேண்டும். உரிமையாளர் நீ.

எனக்கு எது பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுத நேரமில்லை. அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்து தருகிறார். நலமே.

உன் கடிதத்தைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலையக் கூடாது என்றால் கழற்றக் கூடாது என்று அர்த்தம். நான் வண்டியைப் பாதுகாக்கச் சொன்னேன். நீ பிரேதப் பரிசோதனை செய்து மூட்டை கட்டி வைத்திருக்கிறாய். வேன் சீட்டாம், லாரி ஸ்டியரிங்காம், கூரைக்குத் திரைச்சீலை வளையமாம்.

ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்தில் மாட்டச் சொல். ஒன்றுகூடக் குறையக் கூடாது. அக்டோபருக்குள் முடிய வேண்டும். அதுவரை வண்டியை வேலைக்கு எடுக்காதே. அந்த வண்டி கிளாசிக் ஆக வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

தம்பி


ஜூன் 14

டைப் அடித்துக் கோபப்படும் மந்திரிக்கு,

இங்கே மழை, வீட்டுக்குள் இரண்டு இடத்தில் வாளி, மற்றபடி நலம். உனக்குக் கோபப்படத் தெம்பு இருப்பதால் நீயும் நலம் என்று தெரிகிறது.

பிரேதப் பரிசோதனை என்ற இடத்தில் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு இப்படியும் எழுத வரும் என்று எங்களுக்குத் தெரியாது. கழற்றக் கூடாது என்றால் கழற்றாதே என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்னது தொலைக்காதே என்று. நான் தொலைக்கவில்லை. எந்தச் சபையிலும் வந்து சொல்வேன்.

காகிதத்தில் வண்டி உன்னுடையது. அதனால் மாட்டுகிறோம். குறடுக்கு மனசே இல்லை. "நல்லா ஓடுற வண்டிய ஏங்க்கா நோயாளி ஆக்கறே?" என்று ஒவ்வொரு ஆணிக்கும் கேட்கிறான். "மந்திரி உத்தரவுடா" என்றால், "எந்த ஊர் மந்திரி?" என்கிறான். அசல் இருக்கையை மாட்டி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் என்னை ஞாபகம் வைத்திருந்தது.

இப்போது என் கேள்வி. இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல். பலகை மாட்டின பிறகு விடுமுறை நாளில் அதை யார் வெளியே எடுப்பது? நான் எடுத்தால் நீ அங்கிருந்து திட்டுவாய். அத்தான் அதற்குள் உட்கார்ந்தால் அவரை வெளியே எடுக்கக் குறடு வர வேண்டும். நீ வந்து ஓட்டுவாயா? வருவேன் என்று ஒரு வார்த்தை எழுது. கம்பியை நான் தலையில் சுமந்துகொண்டு போகிறேன், வாயே திறக்க மாட்டேன்.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்

அக்கா


ஜூலை 25

தம்பிக்கு,

தபால் அட்டையில் எழுதுவதால் நலம் விசாரிக்க இடமில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

பாகங்கள் முக்கால்வாசி ஏறிவிட்டன. வாடகை வண்டிக்காரர் வருகிறேன் என்ற நாளுக்கு மறுநாள் வருகிறார். ஆசுபத்திரித் தலைமை நர்ஸ், "உங்க சிவப்பு வண்டி வந்தா கடிகாரம் பார்க்க வேண்டாம். இப்ப காலண்டர் பார்க்க வேண்டியிருக்கு" என்றார். அடுத்த வார்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கப் பேசுகிறார்களாம். பார்த்துக்கொள்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்கவில்லையடா, உன்னைப் பற்றித்தான் கேட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று தொடங்கிப் பழகிவிட்டது. இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்கவில்லை.

நானே எழுதுகிறேன். வரிகள் கோணலாகத்தான் இருக்கும். எழுதும்போது காகிதத்தின் ஓரம் எனக்குத் தெரிவதில்லை. நேராக இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. குழாய் வழியாகப் பார்ப்பது போல. கண் மருத்துவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றார்.

போன டிசம்பரில், அலுவலகத் தெருவில் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரர் என் கார் கதவில் மோதி விழுந்தார். சிராய்ப்பு மட்டும்தான். எழுந்து வந்து, "நான் உங்க பக்கத்துலயேதான வந்துக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் வந்ததே எனக்குத் தெரியாது அக்கா. அடுத்த வாரம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தேன், காரை விற்றேன். பேருந்து வசதியாக இல்லை. யாராவது என் தோளில் இடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: நான் வந்து ஓட்டப்போவதில்லை. இனி எந்த வண்டியையும் ஓட்டப்போவதில்லை.

கிளாசிக் விதிகளை அந்த ஜனவரியில்தான் படித்தேன். ஒரு வண்டி ஓடாமல் நின்றுகொண்டிருக்கும், அதை யாரும் பாவம் என்று சொல்ல மாட்டார்கள், பலகை மாட்டி மரியாதை செய்வார்கள் என்று அதில் எழுதியிருந்தது போல எனக்குப் பட்டது. நான் ஓட்டிய வண்டியை நீ தினமும் ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாய் என்று நினைத்தால் இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவும் நின்றால் எனக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைத்தது இதுதான்.

அத்தானிடம் நீயே சொல்லிவிடு.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

என் தம்பிக்கு,

கடிதத்தை நான் படித்தேன். அத்தான் படித்தார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு வேலை செய்துகொண்டிருந்தோம். அவர் போய், ஏற்கெனவே கழுவின பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினார். இதற்குமேல் கேட்காதே, சொல்ல மாட்டேன்.

ஒற்றைக் கண்ணைப் பற்றி நான் மார்ச் மாதம் அடித்த ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்ற ஜோக்கெல்லாம் அப்படியே இருக்கும். கண் சரியில்லை என்பதற்காக உன்னை நான் மரியாதையாக நடத்துவேன் என்று கனவு காணாதே.

நீ நினைத்தது அசிங்கம் ஒன்றும் இல்லை. எனக்குப் பல்வலி வந்தால் அத்தான் முறுக்கு கடிப்பதைப் பார்க்கப் பிடிக்காது. அவருக்கும் வரட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்காக அவர் பல்லைப் பிடுங்கினதில்லை.

என் பக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், இனி சொல்ல மாட்டேன். அந்த வண்டி எனக்குக் கால். பள்ளிக்கூடத்தைச் சின்ன வகுப்போடு விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். எங்கே போக வேண்டுமென்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும், யாராவது நேரம் சொல்ல வேண்டும். நீ சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான், இத்தனை மணிக்கு வருகிறேன் என்று நான் ஒருவருக்கு வாக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அதை நீதான் எனக்குக் கொடுத்தாய். திருப்பிக் கேட்கவும் உனக்கு உரிமை உண்டு.

பரிசோதகர் இரண்டு தாள் கொடுத்திருக்கிறார். ஒன்று, கிளாசிக் ஆக்கச் சம்மதம். இன்னொன்று, வேண்டாம் என்று மனுவைத் திரும்பப் பெறுவது. இரண்டையும் வைத்து அனுப்புகிறேன். எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு. கிளாசிக்தான் என்றால், தினமும் துடைத்து வைப்பேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்குத் தவிர.

வண்டி முழுசாகத் தயார். கடைசித் திருகாணியைக் குறடு நேற்று மாட்டினான். பரண் காலி. ஸ்வெட்டர்களைக் கட்டிக்கொண்டு அத்தான் ஏணியில் நிற்கிறார், உன் முடிவு தெரியாமல் ஏற்றக் கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

கண்ணுக்கு மருந்து நேரத்துக்குப் போட்டுக்கொள். வெயிலில் நடக்காதே.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்து போட்டுக்கொள்கிறேன். இங்கே வெயிலே இல்லை.

தாமதத்துக்குக் காரணம், இரண்டு தாளையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் ஒன்றில் கையெழுத்துப் போடத் தோன்றும், மறுநாள் இன்னொன்றில். கடைசியில் இரண்டிலும் போடவில்லை. வெறுமையாகத் திருப்பி அனுப்புகிறேன்.

இத்துடன் மூன்றாவதாக ஒரு தாள் இருக்கிறது. அதில் போட்டிருக்கிறேன். உரிமை மாற்றம். இன்றிலிருந்து வண்டி உன் பெயரில். விதியில் 'உரிமையாளர் விருப்பப்படி' என்று இருக்கிறது. அந்த உரிமையாளர் நீ. நிறுத்துவதும் ஓட்டுவதும் இனி உன் பாடு. நான் கேட்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், கேட்பேன். ஆனால் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

நீ முறுக்கைப் பற்றி எழுதியதற்குச் சிரித்தேன். பேருந்தில்தான் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்திருப்பார், எனக்குத் தெரியவில்லை.

உன் தம்பி


அக்டோபர் 15

வண்டியில்லாத மந்திரிக்கு, வண்டி வைத்திருக்கும் அக்கா எழுதுவது,

எல்லோரும் சௌக்கியம். அத்தான் என்னை நேற்றிலிருந்து 'முதலாளி' என்று கூப்பிடுகிறார். காது குளிர்கிறது.

பரிசோதகர் நேற்று சொன்னபடி வந்தார். வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். ஒரு குறை சொல்ல முடியாதடா. அசல் இருக்கை, அசல் கூரை, இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடுகின்றன. தெருவே வந்து நின்று பார்த்தது. குறடு குறடைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். பரிசோதகர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பையிலிருந்து பலகையை வெளியே எடுத்தார். கறுப்பில் வெள்ளி எழுத்து. அழகுதான். பொய் சொல்ல மாட்டேன், கை அதன்மேல் போனது.

"கையெழுத்துப் போடுங்கம்மா. போட்டா கிளாசிக்."

"போடலைன்னா?"

"பழைய கார்."

"ஒண்ணு கேக்கணுங்க. இன்னிக்கு விட்டா இனிமே கிடைக்காதா?"

அவர் சிரித்தார். "முப்பது ஆயிடுச்சுன்னா ஆயிடுச்சும்மா. அதுக்கு வயசு குறையவா போகுது? பாகத்தையெல்லாம் இப்படியே பத்திரமா வெச்சிருந்தீங்கன்னா, எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க."

இதை உன் விதிப் புத்தகத்தில் ஒரு வரி விடாமல் படித்த நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?

நீ வெறுமையாகத் திருப்பி அனுப்பினதில், மனுவைத் திரும்பப் பெறுகிற தாளை எடுத்தேன். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டார். நீங்கள் எழுத வேண்டாம் என்று பேனாவை வாங்கி நானே எழுதினேன். 'வண்டிக்கு வேலை இருக்கிறது.' கீழே உரிமையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அவர் படித்துப் பார்த்துவிட்டு, பலகையை மறுபடி காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகுமுன் திரைச்சீலை வளையம் போட்ட கூரை எங்கே என்று கேட்டார். அவர் வீட்டு மாடிக்கு அந்த மாதிரி ஒன்று வேண்டுமாம். அளவெடுக்க வெள்ளிக்கிழமை போகிறேன்.

இன்று காலையிலிருந்து குறடு பாட்டுப் பாடிக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றுகிறான். நான் எண்ணெய் தடவிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆசுபத்திரிக்குப் போய், நாளைக் காலை பத்து மணிக்குப் புது வார்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைமை நர்ஸ் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அந்த ஆளுக்கு வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், சிவப்பு வண்டி வருகிறது என்றேன். சரி என்றார்.

இப்போது உன் விஷயம். நீ அங்கே பேருந்தில் இடி வாங்கிக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே எனக்கு ஓர் ஆள் குறைகிறது. நான் ஏணிமேல் நின்று கம்பியைப் பிடிக்கும்போது, கீழே எதிரே நின்று நேராக இருக்கிறதா, எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அத்தானை நிறுத்தினேன். எதைக் காட்டினாலும் "சரியா இருக்கு" என்பார், இறங்கிவந்து பார்த்தால் கப்பல் கவிழ்ந்த மாதிரி இருக்கும். நீ பிறந்ததிலிருந்து நான் செய்த எதையும் சரி என்று சொன்னதில்லை. அதற்கு இந்த ஊரிலேயே உன்னைப்போல ஆள் கிடையாது.

விடுமுறைக்கு வருகிற மாதிரி வராதே. பெட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வா. மேலறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன், அத்தான் முணுமுணுத்துக்கொண்டே ஸ்வெட்டர்களுக்கு மூன்றாவது இடம் தேடுகிறார். நிலையத்துக்கு நான் வருவேன். நீ பக்கத்து இருக்கையில் பேசாமல் உட்கார்ந்து வர வேண்டும், வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தரக் கூடாது.

சொல்வாய் என்று தெரியும். பதில் எழுதி நாளைக் கடத்தாதே, வந்து சொல்.

உன் அக்கா